ஸ்ரீநகரில் ஓர் உரை: லாம்பா சொன்னதும், அது தாமதமாக வந்ததும்

2014 மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு மே 12 அன்று முடிந்தது. வாக்கு எண்ணிக்கை மே 16 அன்று நடக்கவிருந்தது. அடுத்து ஆட்சிக்கு வருவது யார் என்பதிலேயே நாட்டின் கவனம் நிலைத்திருந்த அந்த இடைவெளியில், மே 13 அன்று, ஸ்ரீநகரிலுள்ள காஷ்மீர் பல்கலைக்கழகத்தில் எழுபது வயதைக் கடந்த முன்னாள் தூதர் ஒருவர் உரையாற்றினார். அவர் சதிந்தர் குமார் லாம்பா. பிரதமர் மன்மோகன் சிங்கின் சிறப்புத் தூதராக 2005 முதல் பாகிஸ்தானுடன் திரைமறைவில் பேசிவந்தவர். காஷ்மீர் பிரச்சினைக்கு எத்தகைய தீர்வு இயலும், அதன் எல்லைகள் எவை, எதை இரு தரப்பும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை அன்று அவர் பொதுமேடையில் வரிசையாக எடுத்துவைத்தார்.

ஓய்வுபெற்ற தூதர்கள் பேசத் தொடங்கும்போது நாம் பெரும்பாலும் ரகசியங்களைத் தேடுகிறோம்: யார் யாரை எங்கே சந்தித்தார், யார் கடைசி நேரத்தில் பின்வாங்கினார், யார் மீது பழி. லாம்பாவின் உரையில் அப்படிப்பட்ட செய்திகள் குறைவு. அதைப் படிக்கும்போது எழுகிற முக்கியமான கேள்வி, இவற்றையெல்லாம் பதவியில் இருந்த ஒருவர், பேச்சுவார்த்தை உயிரோடு இருந்த 2006, 2007ஆம் ஆண்டுகளிலேயே ஏன் மக்களிடம் விரிவாகச் சொல்லவில்லை என்பதுதான். அந்தப் பேச்சுவார்த்தை கைகூடாமல் போனதற்கு எத்தனையோ காரணங்கள் சொல்லப்படுகின்றன. இரு நாட்டு மக்களும், அவர்களைவிட முக்கியமாகக் காஷ்மீர் மக்களும், என்ன பேசப்படுகிறது என்பதை அறியாமலேயே வைக்கப்பட்டார்கள் என்ற காரணம் மட்டும் போதிய அழுத்தம் பெறுவதில்லை.

முதலில் மனிதரைப் பற்றி. லாம்பா 1941இல் பெஷாவரில் பிறந்தவர். 1964இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1992 முதல் 1995 வரை, பாபர் மசூதி இடிப்பும் மும்பை தொடர் குண்டுவெடிப்புகளும் இரு நாட்டு உறவை மிக மோசமான நிலைக்குத் தள்ளியிருந்த காலத்தில், இஸ்லாமாபாத்தில் இந்தியத் தூதராக இருந்தார். பிறகு ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் தூதர் பொறுப்பு வகித்தார். தாலிபான் ஆட்சி வீழ்ந்தபின் ஆப்கானிஸ்தானின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க 2001 இறுதியில் ஜெர்மனியின் பான் நகரில் கூடிய மாநாட்டுக்கு இந்தியக் குழுவைத் தலைமையேற்று அழைத்துச் சென்றவரும் அவரே. ஆகவே 2005இல் பாகிஸ்தானுடனான திரைமறைவுப் பேச்சுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தபோது, பழகிய கைக்கே வேலை போனது.

அந்தப் பேச்சை அவர் தொடங்கிவைக்கவில்லை. அதன் வேர் வாஜ்பாய் காலத்தில் இருக்கிறது. 2003 நவம்பரில், காஷ்மீரை இரு நாடுகளின் வசமுள்ள பகுதிகளாகப் பிரிக்கும் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. 2004 ஜனவரி 6 அன்று இஸ்லாமாபாத்தில் வெளியான கூட்டறிக்கையில், பாகிஸ்தானின் கட்டுப்பாட்டிலுள்ள எந்த நிலப்பகுதியையும் பயங்கரவாதத்துக்குப் பயன்படுத்த அனுமதிக்கமாட்டேன் என்று பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் உறுதியளித்தார். அந்த அறிக்கைக்கு வழியமைத்தவர்கள் வாஜ்பாயின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பிரஜேஷ் மிஸ்ராவும், முஷாரஃபின் நம்பிக்கைக்குரிய அதிகாரி தாரிக் அஜீஸும். ஆட்சி மாறியபின் மிஸ்ராவின் இடத்துக்கு ஜே. என். தீட்சித் வந்தார். 1987இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோது கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த அதே தீட்சித். தமிழ் வாசகர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் 2005 ஜனவரி 3 அன்று காலமானார். அதன்பிறகே லாம்பா அஜீஸுக்கு எதிரே அமர்ந்தார்.

லண்டன், துபாய், பாங்காக் என மூன்றாம் நாட்டு நகரங்களின் விடுதி அறைகளில் அவர்கள் சந்தித்தார்கள். கையெழுத்தோ முத்திரையோ இல்லாத, எந்த அரசையும் கட்டுப்படுத்தாத வரைவு ஒன்று அவர்களிடையே கைமாறித் திருத்தப்பட்டு வந்தது. ஒரு சொல்லை ஏற்பதற்கு முன் இருவரும் தத்தம் தலைவரிடம் போய்க் கேட்டுத் திரும்ப வேண்டும். அந்தத் தாள் வெளியே கசிந்தால் மறுத்துவிடலாம் என்பதற்காகவே அது அப்படி எழுதப்பட்டது. அந்த ஏற்பாட்டின் வலிமை அதுதான். பின்னாளில் அதன் ஊனமும் அதுவே ஆனது.

முழுவதும் இருட்டில் நடந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 2006 மார்ச் 24 அன்று அமிர்தசரஸிலிருந்து நன்கானா சாஹிபுக்குப் பேருந்துச் சேவையைத் தொடங்கிவைத்த மன்மோகன் சிங், எல்லைகளை மாற்றி வரைய முடியாது, ஆனால் அவை வரைபடத்தில் உள்ள வெறும் கோடுகளாக மாறும் அளவுக்கு அவற்றைப் பொருளற்றவையாக்க முடியும் என்ற கருத்தை வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் முஷாரஃப், இந்தியத் தொலைக்காட்சி ஒன்றுக்கு அளித்த நேர்காணலில் தன் நான்கு அம்சங்களை விவரித்தார்: கோட்டை மாற்றாமல் மக்கள் நடமாட்டத்தைத் திறப்பது, இருபுறமும் தன்னாட்சி, படிப்படியான படைக்குறைப்பு, கூட்டு மேற்பார்வைக்கான ஓர் அமைப்பு. இந்தியா இவற்றை ஏற்றால் காஷ்மீர் மீதான உரிமைக் கோரிக்கையைப் பாகிஸ்தான் கைவிடும் என்றும் அவர் சொன்னார். இருவரும் ஒரே திசையில் பேசியது கவனித்தவர்களுக்குப் புரிந்தது. ஆனால் அந்த உரைகளின் பின்னணியில் வரிவரியாகத் திருத்தப்பட்ட வரைவு ஒன்று இருக்கிறது என்பது 2009இல் ஓர் அமெரிக்க இதழில் வந்த நீண்ட கட்டுரைக்குப் பிறகே பரவலாகத் தெரிந்தது. அதற்குள் முஷாரஃப் பதவியிழந்திருந்தார். மும்பைத் தாக்குதலும் நடந்து முடிந்திருந்தது.

ஸ்ரீநகர் உரையின் உள்ளடக்கத்துக்கு வருவோம். மூன்று போர்களுக்கும் நீண்ட பகைக்கும் பிறகு எட்டப்படும் எந்த உடன்பாடும் எல்லைகளை மாற்றி வரைவதாக இருக்க முடியாது என்பது லாம்பாவின் முதல் வரையறை. கட்டுப்பாட்டுக் கோடு, இயல்பான உறவுள்ள இரு நாடுகளுக்கு இடையிலான எல்லையைப் போல ஆக வேண்டும் என்றார். இரு பக்கத்துக் காஷ்மீரிகளும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தடையின்றிச் சென்றுவர வேண்டும். உள்ளூரில் விளையும், உற்பத்தியாகும் குறிப்பிட்ட பொருட்களின் வணிகத்துக்கு உள்ள வரிகளும் பிற தடைகளும் படிப்படியாக நீங்க வேண்டும். வன்முறையும் பயங்கரவாதமும் முடிவுக்கு வர வேண்டும். அதன்பின் கோட்டின் இருபுறமும், குறிப்பாக மக்கள் வாழும் பகுதிகளில், படைகள் மிகக் குறைந்த அளவுக்குக் கொண்டுவரப்பட வேண்டும். உள்நிர்வாகத்தில் தன்னாட்சி இருபுறமும் ஒரே அடிப்படையில் அமைய வேண்டும். மனித உரிமைகள் மதிக்கப்பட வேண்டும். ஆயுதம் ஏந்தியவர்கள் சமூகத்துக்குள் திரும்பி வர வழியிருக்க வேண்டும். சுற்றுலா, யாத்திரை, வணிகம், கல்வி, உடல்நலம் போன்ற சமூக, பொருளாதார விஷயங்களுக்காக இரு பக்கத்தவரும் கலந்தாலோசிக்கும் அமைப்பு ஒன்றையும் அவர் குறிப்பிட்டார்.

இவற்றை முஷாரஃபின் நான்கு அம்சங்களோடு அருகருகே வைத்துப் படித்தால்தான் உரையின் நுட்பம் தெரியும். முஷாரஃப் கூட்டு மேற்பார்வை என்று சொன்ன இடத்தில், லாம்பாவின் அமைப்பு சமூக, பொருளாதார விஷயங்களோடு நின்றுவிடுகிறது. காஷ்மீரின் மீது இரு நாடுகளும் இறையாண்மையைப் பகிர்ந்துகொள்கின்றன என்ற வாசிப்புக்கு அங்கே இடமில்லை. அதற்கான காரணம் எளியது. ஜம்மு காஷ்மீர் முழுவதும் இந்தியாவின் பிரிக்க முடியாத பகுதி என்று 1994 பிப்ரவரி 22 அன்று நாடாளுமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறது. எந்தப் பிரதமராலும் அதைத் தாண்டிக் கையெழுத்திட முடியாது. படைக்குறைப்பு விஷயத்திலும், முஷாரஃப் அதை ஒரு தனி அம்சமாக வைத்தார். லாம்பா அதை வன்முறை நின்றபிறகு வரவேண்டிய ஒன்றாக வைத்தார். வரிசை மாறினால் ஒப்பந்தமே வேறாகிவிடும். தன்னாட்சி இருபுறமும் ஒரே அடிப்படையில் என்ற வாசகம் பாகிஸ்தானுக்கும் சுமைதான்: பாகிஸ்தான் வசமுள்ள பகுதியின் 1974ஆம் ஆண்டு இடைக்கால அரசியலமைப்பின்படி, பாகிஸ்தானோடு இணைவதில் நம்பிக்கை உண்டு என்று உறுதிமொழி எடுக்காதவர் அங்கே தேர்தலில் நிற்கவே முடியாது. பாகிஸ்தான் வசமுள்ள மற்றொரு பகுதியான கில்கித்-பால்டிஸ்தானின் நிலை இன்னும் தெளிவற்றது. இந்த ஒரு வாசகம் உண்மையில் நடைமுறைக்கு வந்திருந்தால் அதிகம் மாறியிருக்க வேண்டியது கோட்டின் மேற்குப் பக்கமே என்பது என் கணிப்பு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாங்கள் இதை ஒப்புக்கொண்டோம், அவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள் என்ற நடையில் அவர் பேசவில்லை. எந்தத் தீர்வும் இவற்றை உள்ளடக்க வேண்டும் என்று பொதுவிதிகளைப் போலவே அடுக்கினார். கேட்டவர்களுக்கு அது அந்த வரைவின் நிழல் என்பது தெரிந்திருக்கும். ஆயினும் மறுக்க வேண்டிய தேவை எந்த அரசுக்கும் ஏற்படாதபடி சொற்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தன. மூன்று நாளில் யாருடையது என்று தெரியவிருந்த புதிய அரசு விரும்பினால் இதே இடத்திலிருந்து தொடரலாம், விரும்பாவிட்டால் ஒரு முன்னாள் தூதரின் கருத்து என்று ஒதுக்கிவிடலாம். பழுத்த பேச்சுவார்த்தையாளர் ஒருவர் பொதுமேடையில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணி இதுதான் என்று நினைக்கிறேன். விட்ட இடம் எது என்பதைத் தன் பெருமைக்காக அல்லாமல், அடுத்து வருபவருக்காகப் பதிவு செய்துவைப்பது.

எல்லோரும் அப்படிப் பேசுவதில்லை. 2002 முதல் 2007 வரை பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சராக இருந்த குர்ஷித் கசூரி, 2015இல் வெளியிட்ட நினைவுக்குறிப்பில் இதே வரைவைப் பற்றி விரிவாக எழுதினார். உடன்பாடு ஏறக்குறைய கைக்கெட்டிவிட்டது, ராணுவத் தலைமையும் உடன்பட்டிருந்தது என்பது அவர் தரப்பு. அவர் அரசியல்வாதி, தன் காலத்தின் சாதனையாக அதை நிறுவும் ஆவல் எழுத்தில் தெரிகிறது. அந்த நூலின் மும்பை வெளியீட்டு விழாவை ஏற்பாடு செய்த சுதீந்திர குல்கர்னியின் முகத்தில் சிவசேனைக்காரர்கள் கறுப்பு மை பூசினார்கள். ஒரு பேச்சுவார்த்தை முடிந்து எட்டு ஆண்டுகள் ஆனபிறகு அதைப் பற்றி நூல் வெளியிடுவதற்கே அந்த விலை என்றால், நடந்துகொண்டிருந்தபோது ஏன் இரு அரசுகளும் வாய்திறக்கத் தயங்கின என்பது ஓரளவு விளங்கும்.

பழைய எடுத்துக்காட்டு ஒன்று இன்னும் கடுமையானது. 1972 ஜூலையில் சிம்லாவில் இந்திரா காந்தியும் பாகிஸ்தான் அதிபர் பூட்டோவும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில், கட்டுப்பாட்டுக் கோட்டை இருதரப்பும் மதிக்க வேண்டும், தன்னிச்சையாக மாற்றக்கூடாது என்று மட்டுமே இருக்கிறது. இரு நாடுகளின் அறியப்பட்ட நிலைப்பாடுகளுக்கும் பங்கம் வராமல் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு காலப்போக்கில் நிரந்தர எல்லையின் தன்மையைப் பெறும் என்று பூட்டோ வாய்மொழியாக ஒப்புக்கொண்டார் என, இந்திரா காந்தியின் செயலராக இருந்த பி. என். தர் 1995இல், அதாவது 23 ஆண்டுகள் கழித்து, நாளிதழில் எழுதினார். பாகிஸ்தான் தரப்பு அதை மறுத்தது. அப்போது இந்திரா காந்தியும் இல்லை, பூட்டோவும் இல்லை. தர் சொன்னதை நம்புவதற்குக் காரணங்கள் உண்டு என்றாலும், எழுத்தில் இல்லாத, சாட்சியில்லாத ஓர் உறுதிமொழியைக் கால் நூற்றாண்டு கழித்து நினைவிலிருந்து எடுத்துக் காட்டினால் அது வரலாற்று ஆசிரியர்களுக்குத்தான் பயன்படும். சமாதானத்துக்கு அதனால் ஒன்றும் விளையவில்லை.

2007க்குத் திரும்புவோம், ஏனென்றால் எல்லாம் உடைந்தது அங்கேதான். அந்த ஆண்டு பிப்ரவரியில், இரு நாடுகளுக்கும் இடையே ஓடிய சம்ஜௌதா எக்ஸ்பிரஸ் ரயிலில் குண்டு வெடித்து 68 பேர் உயிரிழந்தார்கள். அப்படியும் பேச்சு நிற்கவில்லை. மார்ச் 9 அன்று முஷாரஃப் தலைமை நீதிபதி இப்திகார் சௌத்ரியைப் பதவியிலிருந்து ஒதுக்கியதும் பாகிஸ்தானில் வழக்கறிஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அதன்பிறகு அவருடைய அதிகாரம் நாளுக்கு நாள் கரைந்தது. 2008 ஆகஸ்டில் பதவி விலகினார். அதே ஆண்டு நவம்பர் 26 அன்று மும்பைத் தாக்குதல். பிறகு வந்த பாகிஸ்தான் அரசுகள் சார்பில் முன்னாள் வெளியுறவுச் செயலர்களான ரியாஸ் முகமது கானும், பின்னர் ஷஹ்ரியார் கானும் லாம்பாவோடு பேசினார்கள். ஆனால் முஷாரஃப் காலத்து வரைவைத் தங்களுடையதாக ஏற்க அங்கே யாரும் முன்வரவில்லை.

ஏன் முன்வரவில்லை என்பதில்தான் என் வாதம் தங்கியிருக்கிறது. அந்த வரைவு முஷாரஃப் என்ற தனிமனிதரின் வரைவாகவே இருந்தது. பாகிஸ்தான் நாடாளுமன்றத்தில் அது விவாதிக்கப்படவில்லை. கட்சிகளுக்கு அதில் பங்கில்லை. இந்தியாவிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை. அன்று எதிர்க்கட்சியாக இருந்த பாரதிய ஜனதாவின் சொந்த ஆட்சிக் காலத்தில் தொடங்கிய முயற்சி இது; அப்படியிருந்தும் அதைப் பொதுச் சொத்தாக்க மன்மோகன் சிங் அரசு போதிய துணிவு காட்டவில்லை. மக்கள் முன்னால் ஒருமுறை விரிவாக வைக்கப்பட்ட திட்டம் தோற்றாலும் அடுத்தவர் எடுத்துக்கொள்ள முடியும். இருவர் பையில் மட்டும் இருந்த தாள், அந்த இருவரில் ஒருவர் வீழ்ந்ததும் செல்லாக்காசாகிவிடுகிறது.

பேச்சின் தொடக்கத்தில் ரகசியம் தேவையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் தொலைக்காட்சி விவாதம் நடந்தால் எந்தத் தூதராலும் ஒரு சொல்லைக்கூட விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் வரைவு ஓர் உருப்பெற்றபிறகும் அதே மௌனம் நீடித்தால், மௌனத்தின் பயன் முடிந்து தீங்கு தொடங்குகிறது. 2006இன் இறுதிக்குள் அந்தக் கட்டம் வந்துவிட்டிருந்தது என்றே அதில் பங்கேற்றவர்கள் பின்னாளில் சொன்னவை காட்டுகின்றன.

காஷ்மீரிகளின் இடம் என்ன என்பது இதைவிட வலிக்கும் கேள்வி. 2005இல் மிர்வாயிஸ் உமர் பாரூக் உள்ளிட்ட, காஷ்மீர் பிரிவினைவாதக் கூட்டமைப்பான ஹுரியத்தின் தலைவர்கள் கோட்டைக் கடந்து பாகிஸ்தான் பக்கம் போய்வந்தார்கள். மன்மோகன் சிங்கும் அவர்களைச் சந்தித்தார். டெல்லியிலும் ஸ்ரீநகரிலும் வட்டமேசை மாநாடுகள் நடந்தன. எனினும் லாம்பாவும் அஜீஸும் அமர்ந்த மேசையில் மூன்றாவது நாற்காலி இருக்கவில்லை. தங்கள் நிலத்தின் எதிர்காலத்துக்காக வரையப்பட்ட திட்டத்தின் அம்சங்களை, அதை வரைந்தவரின் வாயிலிருந்து, தங்கள் ஊர் பல்கலைக்கழகத்தில் அவர்கள் கேட்டது 2014 மே மாதத்தில். லாம்பா ஸ்ரீநகரைத் தேர்ந்ததில் ஒரு நேர்மை இருக்கிறது. டெல்லியின் கருத்தரங்க அறை ஒன்றில் இதைச் சொல்லியிருக்கலாம், செய்யவில்லை. அந்த நேர்மையைப் பாராட்டும்போதே, அது ஏழு ஆண்டுகள் தாமதமானது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த இடத்தில் தமிழகத்தைச் சேர்ந்த ஜி. பார்த்தசாரதி நினைவுக்கு வருகிறார். பாகிஸ்தானில் இந்தியத் தூதராகவும், ஐ.நா.வில் இந்தியாவின் நிரந்தரப் பிரதிநிதியாகவும் இருந்தவர். காஷ்மீர் தலைவர் ஷேக் அப்துல்லாவின் சார்பில் வந்த மிர்சா அப்சல் பேக்கோடு பேசி, 1975இல் அறிவிக்கப்பட்ட காஷ்மீர் உடன்பாட்டை உருவாக்கியவர்; 1983க்குப் பிறகு இந்திரா காந்தியின் தூதராகக் கொழும்புக்கும் சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே அலைந்து, இலங்கைத் தமிழர் பிரச்சினைக்கு அதிகாரப் பகிர்வு யோசனைகளை வகுத்தவரும் அவரே. இரண்டு பெரும் சிக்கல்களை உள்ளிருந்து பார்த்த அந்த மனிதர் பொதுவெளியில் மிகக் குறைவாகவே பேசினார். அந்தத் தலைமுறை அடக்கத்தைக் கடமையாக நினைத்தது. அதை மதிக்கிறேன், ஆனாலும் 1983, 1984இல் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனே எதை ஒப்புக்கொண்டு எதிலிருந்து நழுவினார் என்பதை அவரே விரிவாகச் சொல்லியிருந்தால், பின்னால் வந்த பேச்சுவார்த்தையாளர்கள் பலர் அடியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டியதில்லை.

ஆவணங்கள் பேசும்வரை காத்திருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவில் அரசு ஆவணங்கள் 25 ஆண்டுகளுக்குப் பிறகு தேசிய ஆவணக்காப்பகத்துக்கு வரவேண்டும் என்பது விதி. பாகிஸ்தான் தொடர்பான கோப்புகளில் அந்த விதி எவ்வளவு நிறைவேறுகிறது என்பதை அங்கே உட்கார்ந்து தேடிய ஆய்வாளர்கள் அறிவார்கள். கையெழுத்தில்லாத வரைவுகள் கோப்பில் ஏறுமா என்பதே ஐயம். 2021இல் ஓய்வூதிய விதிகள் திருத்தப்பட்டு, உளவு மற்றும் பாதுகாப்பு அமைப்புகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள் அந்த அமைப்புகள் தொடர்பாக எழுத முன்அனுமதி பெற வேண்டும் என்றாகியிருக்கிறது. வெளியுறவுப் பணியினருக்கு அது நேரடியாகப் பொருந்தாது என்றாலும், பேச நினைப்பவரைத் தயங்கவைக்கும் சூழல் அதனால் கூடுகிறது. லாம்பாவின் சொந்த நூலும் அவர் 2022 ஜூனில் மறைந்தபிறகு, 2023இல்தான் வெளிவந்தது.

அதற்குள் அவர் பேசிய காஷ்மீர் சட்டப்படியே மாறிவிட்டது. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதல். ஏப்ரலில் கட்டுப்பாட்டுக் கோட்டின் வழியான வணிகம் நிறுத்தப்பட்டது. ஆகஸ்ட் 5 அன்று 370ஆவது பிரிவின்கீழ் இருந்த சிறப்பு நிலை நீக்கப்பட்டு மாநிலம் இரு ஒன்றியப் பிரதேசங்களாகப் பிரிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் இரு ராணுவங்களும் போர்நிறுத்தத்தை மீண்டும் உறுதிசெய்தபோது சற்று நம்பிக்கை பிறந்தது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதும், சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை இந்தியா நிறுத்திவைத்ததும், சிம்லா உடன்படிக்கையை நிறுத்திவைக்கும் உரிமை தனக்குண்டு என்று பாகிஸ்தான் அறிவித்ததும், மே மாதத்தில் நான்கு நாள் நடந்த ஏவுகணை, டிரோன் தாக்குதல்களும் அந்த நம்பிக்கையையும் துடைத்துவிட்டன.

இத்தனைக்கும் பிறகு லாம்பாவின் உரையில் எது மிஞ்சுகிறது என்று கேட்டால், தன்னாட்சி பற்றிய பகுதி இன்று டெல்லியில் பேசக்கூடியதாக இல்லை. கூட்டு அமைப்பு பற்றிய பகுதிக்கு இரு தலைநகரங்களிலும் ஆளில்லை. மிஞ்சுவது மக்கள் நடமாட்டமும் வணிகமும். அவை ஏற்கெனவே ஒருமுறை நடந்து காட்டியவை என்பதே அவற்றின் பலம். 2005 ஏப்ரல் 7 அன்று ஸ்ரீநகருக்கும் முசாபராபாத்துக்கும் இடையே பேருந்து ஓடத் தொடங்கியபோது, கடவுச்சீட்டு இல்லாமல் அனுமதிச் சீட்டோடு மக்கள் கோட்டைக் கடந்தார்கள்; 1947க்குப் பிறகு பார்த்திராத உறவினரைச் சிலர் அப்போதுதான் சந்தித்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரணத்துக்காகக் கோட்டின் ஐந்து இடங்கள் திறக்கப்பட்டன. 2008 அக்டோபரில் ஊரி, பூஞ்ச் வழியாக 21 வகைப் பொருட்களில் பண்டமாற்று வணிகம் தொடங்கியது. வங்கி வசதி இல்லை, தொலைபேசித் தொடர்பு சரியில்லை. அப்படியும் மும்பைத் தாக்குதலைத் தாண்டிப் பத்து ஆண்டுகளுக்கு மேல் அது நின்றது. அந்த வழியில் ஆயுதமும் போதைப்பொருளும் கள்ளப்பணமும் கடத்தப்பட்டதாகச் சொல்லித்தான் இந்திய அரசு அதை நிறுத்தியது. அந்தக் கவலையைப் புறந்தள்ள முடியாது, லாரிகளை முழுமையாக ஊடுருவிச் சோதிக்கும் கருவிகள் இல்லாமல் அதை மீண்டும் திறக்கவும் முடியாது. ஆனால் அந்தப் பேருந்துக்கும் அந்த லாரிகளுக்கும் எந்த நாடும் தன் அரசியலமைப்பைத் திருத்த வேண்டியிருக்கவில்லை, எந்தக் கோரிக்கையையும் கைவிட வேண்டியிருக்கவில்லை. அடுத்த முறை யாராவது ஒரு தூதர் எதிரே அமர நேர்ந்தால், அவர் முதலில் கையிலெடுக்க வேண்டியது அந்த அனுமதிச் சீட்டு முறையைத்தான். எடுத்ததை இம்முறை ஊரறியவும் சொல்ல வேண்டும்.